குடிநீக்கியா, குடிநீங்காவா: ஹோல்ஸ்டைன் பிரபு இரண்டாம் அடோல்ஃப் குறித்து ஒரு கேள்வி

குடந்தை வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் இடைக்கால ஐரோப்பாவைப் பற்றிப் பேசும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். பேரரசர்களையும் போப்பாண்டவர்களையும் பற்றிப் பேசுவதற்கு ஆள் பஞ்சமில்லை. ஆகையால், இரண்டு மக்களினங்கள் மோதிக்கொண்ட எல்லைநாட்டில் வாழ்நாள் முழுவதையும் கழித்த ஒரு பிரபுவின் கதையை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். தாராசுரத்தில் இரண்டாம் இராசராசனின் கோயில் எழுந்த அதே தலைமுறையில், ஜெர்மனியின் வடகோடியில் ஹோல்ஸ்டைன் நாட்டை ஆண்ட இரண்டாம் அடோல்ஃப் என்பவரே நான் தேர்ந்தெடுத்திருப்பவர்.

அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, போசாவ் என்ற ஏரிக்கரை ஊரில் பாதிரியாராக இருந்த ஹெல்மோல்ட் இலத்தீனில் எழுதி வைத்த ஸ்லாவியர் வரலாற்றிலிருந்து வருகிறது. ஹெல்மோல்ட் அந்தப் பிரபுவின் காலத்திலேயே, அந்த நாட்டிலேயே வாழ்ந்தவர். அடோல்ஃப் இலத்தீனும் ஜெர்மனும் மட்டுமல்லாமல் ஸ்லாவிய மொழியும் அறிந்தவர் என்றும், எல்லைக்கு அப்பாலிருந்த ஓபோத்ரைட் இனத்தின் தலைவன் நிக்லோட்டுடன் நட்புறவு பூண்டவர் என்றும் அவர் புகழ்ந்து எழுதுகிறார். ஆனால் அதே நூலில், 1143-ஆம் ஆண்டு இதே அடோல்ஃப், வாக்ரியா என்னும் ஸ்லாவிய நாட்டில் குடியேற வருமாறு ஃபிளாண்டர்ஸ், ஹாலந்து, உட்ரெக்ட், வெஸ்ட்பாலியா, ஃபிரீசியா ஆகிய நாடுகளுக்கெல்லாம் தூதர்களை அனுப்பினார் என்ற செய்தியும் இருக்கிறது. வயலில்லாமல் நெருக்கடியில் தவிப்பவர்கள் குடும்பத்தோடு வந்தால் விளைச்சலும் மீனும் இறைச்சியும் மேய்ச்சல் தரையும் நிறைந்த நிலம் தருவதாக அந்தத் தூதர்கள் சொன்னார்களாம்.

என் ஐயம் இதுதான். அண்டை இனத்தவரின் மொழியில் பேசி, அவர்களுடைய தலைவனோடு உறவு கொண்டாடிய ஒருவர், அந்த இனத்தவரின் நிலத்தில் வேற்றூராரைக் குடியமர்த்தியதை எப்படிப் புரிந்துகொள்வது? நம் பகுதிக் கோயில் கல்வெட்டுகளில் ஊர்களைத் தானமாகக் கொடுக்கும்போது, ஏற்கெனவே உழுதுகொண்டிருந்த குடிகளை நீக்கிக் கொடுத்தார்களா, நீக்காமல் கொடுத்தார்களா என்பதைக் குடிநீக்கி, குடிநீங்கா என்று குறிப்பிட்டு வைத்திருக்கிறார்கள். அடோல்ஃபின் குடியேற்றத்தை இவ்விரண்டில் எந்த வகையில் சேர்ப்பது? தாம் நிறுவிய லூபெக் நகரத்தை அவரால் ஏன் கட்டிக் காக்க முடியவில்லை என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


திருவையாறு, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் எழுதியது:

நண்பரே, நல்ல மனிதரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஆனால் 1143-இல் தொடங்கினால் கதை புரியாது. அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளைக் கேட்பவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் நாட்டின் அமைப்பைப் பார்ப்போம். எல்பே ஆற்றுக்கு வடக்கே இருந்த ஹோல்ஸ்டைனும் ஸ்டோர்மார்னும் சாக்சனியரின் நிலம். அதற்குக் கிழக்கே பால்டிக் கடல் வரை ஏரிகளும் காடுகளுமாகக் கிடந்த வாக்ரியா, ஸ்லாவியரின் நிலம். அடோல்ஃபின் குடும்பத்தார் இந்த மண்ணின் மக்கள் அல்லர். வேசர் ஆற்றங்கரையில் உள்ள ஷாவன்பர்க் கோட்டையைச் சேர்ந்தவர்கள். முந்தைய பிரபுவாகிய காட்ஃபிரீடு 1110-ஆம் ஆண்டு ஸ்லாவியரால் கொல்லப்பட்ட பிறகு, சாக்சனிக் கோமகனாக இருந்த லோதார், முதலாம் அடோல்ஃபை அந்த இடத்தில் அமர்த்தினார். லோதார் பின்னர் மன்னராகவும் பேரரசராகவும் உயர்ந்தார். நம் அடோல்ஃப் இளைய மகன்; படிப்பில் விடப்பட்டவர். போர்த்தொழிலுக்கு உரியவராக இருந்த அண்ணன் ஹார்ட்டுங் பொகீமியப் போரில் மாண்டதனால், 1130-இல் தந்தை இறந்தபோது பிரபுப் பட்டம் இளையவரிடம் வந்தது. ஏட்டைக் கையில் பிடித்து வளர்ந்தவர் என்பதால்தான் அவருக்கு இலத்தீன் வாய்த்தது.

1137-ஆம் ஆண்டின் இறுதியில் லோதார் இறந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. சாக்சனி யாருக்கு என்பதில் லோதாரின் மருமகன் பெருமித ஹென்றிக்கும், கரடி என்று பட்டப்பெயர் பெற்ற அல்பிரெக்ட்டுக்கும் போர் மூண்டது. புதிய மன்னர் மூன்றாம் கொன்ராட், அல்பிரெக்ட்டின் பக்கம் நின்றார். அடோல்ஃப் ஹென்றியின் குடும்பத்தை விட்டுக்கொடுக்க மறுத்ததனால் நாட்டை விட்டே துரத்தப்பட்டார். அவருடைய இடத்தில் பாட்வைடு ஊர் ஹென்றி என்பவர் பிரபுவாக நியமிக்கப்பட்டார். (இந்தக் கதையில் ஹென்றிகள் ஏராளம், பேசும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கேட்பவர்கள் குழம்பிவிடுவார்கள்.)

இந்த உள்நாட்டுப் பூசலைப் பார்த்த வாக்ரியத் தலைவன் ப்ரிபிஸ்லாவ், ஸீகெபெர்க் பகுதிக்குள் புகுந்து சூறையாடினான். அதற்குப் பழிவாங்கும் வகையில் பாட்வைடு ஹென்றி 1138-39 குளிர்காலத்தில் படையெடுத்து ப்ளோன், லூட்யென்பர்க், ஓல்டன்பர்க் வட்டாரங்களைத் தீக்கிரையாக்கினார். அடுத்த கோடையில் ஹோல்ஸ்டைன் மக்கள் தலைவன் யாருமில்லாமல் தாங்களாகவே திரண்டு சென்று ப்ளோன் கோட்டையைப் பிடித்து, உள்ளே இருந்த ஸ்லாவியரைக் கொன்றார்கள். வாக்ரியா வெறிச்சோடியது இந்த இரண்டு படையெடுப்புகளினால்தான். அப்போது அடோல்ஃப் நாட்டிலேயே இல்லை. உங்கள் முதல் கேள்விக்கு விடை தேடும்போது இந்தக் கால வரிசையை மறக்கக் கூடாது.

பிறகு பெருமித ஹென்றியின் கட்சி வலுப்பெற்றது. அடோல்ஃப் திரும்பி வந்தார். வெளியேறிய பாட்வைடு ஹென்றி சும்மா போகவில்லை. ஸீகெபெர்க் கோட்டையையும், அடோல்ஃபின் தாயார் ஹாம்பர்கில் கல்லால் கட்டுவித்திருந்த கோட்டையையும் எரித்துவிட்டுத்தான் போனார். கடைசியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அடோல்ஃபுக்கு ஸீகெபெர்க்கும் வாக்ரியா முழுவதும் கிடைத்தன. பாட்வைடு ஹென்றிக்கு ஈடாக ராட்ஸெபர்கும் அதைச் சுற்றி வாழ்ந்த போலாபியர் என்னும் ஸ்லாவிய இனத்தாரின் நாடும் கொடுக்கப்பட்டன. ஆக, 1143-இல் அடோல்ஃபின் கைக்கு வந்தது எரிந்த கோட்டைகளும் ஆளில்லாத வயல்களும்தான். உழுவதற்கு ஆள் இல்லாத நிலத்திலிருந்து வரியும் வராது, போருக்கு வீரனும் வரமாட்டான். ஸ்லாவியரை விரட்டும் ஆசையைவிட இந்தத் தேவைதான் குடியேற்றத்துக்குக் காரணம் என்பது என் கருத்து.

நம் வரலாற்றில் இதற்கு இணை தேடுபவர்கள், 1231-இல் சோழன் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்த கோப்பெருஞ்சிங்கனையும், சோழனை மீட்க வந்த போசளரையும் நினைக்கக்கூடும். நான் அந்த ஒப்பீட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே நடந்தது அரசர்களுக்குள் மேலாண்மைப் போட்டி. வாக்ரியாவில் நடந்தது, உழுகிற மக்களே மாறிப்போன மாற்றம்.


மன்னார்குடிப் பக்கத்து உழவர் எழுதியது:

ஆசிரியர் ஐயா அரசியலை விளக்கிவிட்டார். நிலத்தில் உட்கார்ந்தவர்களைப் பற்றி நான் சேர்க்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. குடிநீக்கியா, குடிநீங்காவா என்ற கேள்விக்கு, இரண்டும் நடந்தது என்பதே விடை.

ஹெல்மோல்ட் யாருக்கு எந்த இடம் கொடுக்கப்பட்டது என்பதை வட்டாரம் வட்டாரமாகச் சொல்கிறார். பாதுகாப்பான மேற்குப் பகுதி, அதாவது ஸீகெபெர்குக்கு மேற்கும் டிராவே ஆற்றின் ஓரமும், உள்ளூர்க்காரர்களான ஹோல்ஸ்டைன் மக்களுக்குக் கிடைத்தது. உங்கள் தந்தையரும் சகோதரரும் இரத்தம் சிந்திப் பெற்ற நிலமாயிற்றே, நீங்களே கடைசியில் வரலாமா என்று கேட்டு அடோல்ஃப் அவர்களைத்தான் முதலில் அழைத்தார். டார்குன் வட்டாரம் வெஸ்ட்பாலியருக்கும், ஆய்ட்டின் வட்டாரம் ஹாலந்துக்காரர்களுக்கும், ஸூஸல் ஃபிரீசியருக்கும் போயின. ப்ளோன் அப்போது ஆளில்லாமலே கிடந்தது. கடற்கரையோரம் இருந்த ஓல்டன்பர்கும் லூட்யென்பர்கும் ஸ்லாவியரிடமே விடப்பட்டன. அவர்கள் பிரபுவுக்குத் திறை செலுத்த வேண்டும். உள்நாட்டில் குடிநீக்கி, கடற்கரையில் குடிநீங்கா. அந்த ஏற்பாட்டில் ஒரு கணக்கு இருப்பதையும் கவனியுங்கள். வெளியூர்க்காரர்கள் நடுவிலும் கிழக்கிலும் நின்றார்கள். கிழக்கிலிருந்து அடி விழுந்தால் முதலில் வாங்குபவர்கள் அவர்களே.

அந்த அடி 1147-இல் விழுந்தது. ஸ்லாவியர்மீது சிலுவைப்போர் அறிவிக்கப்பட்ட ஆண்டு அது. தன்னைத் தாக்கப் போகிறார்கள் என்று தெரிந்த நிக்லோட், பழைய உடன்பாட்டை நினைவூட்டி அடோல்ஃபைச் சந்திக்க விரும்பினான். மற்றப் பிரபுக்கள் தவறாக எண்ணுவார்கள் என்று அஞ்சி அடோல்ஃப் மறுத்தார். ஆபத்து வந்தால் முன்கூட்டித் தெரிவிப்பதாக நிக்லோட் வாக்குக் கொடுத்திருந்தான். அதை மீறக் கூடாது என்று தாக்குதலுக்கு முன் ஓர் ஆளை ஸீகெபெர்குக்கு அனுப்பியும் வைத்தான். ஆனால் அன்று பிரபு ஊரில் இல்லை. ஜூன் 26-ஆம் தேதி புலரும்போது ஸ்லாவியக் கப்பல்கள் டிராவே ஆற்றில் ஏறி வந்தன. லூபெக்கில் திருநாள், குடித்துவிட்டுக் கப்பல்களில் கிடந்தவர்களை எழுப்பவே முடியவில்லை. சரக்கோடு கப்பல்கள் எரிந்தன. முந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

ஸூஸலில் நடந்ததைத்தான் நான் வாசித்து வாசித்துப் பார்க்கிறேன். அங்கே குடியேறிய ஃபிரீசியர் நானூறு பேர் என்றும், அன்று ஊரில் இருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை என்றும் ஹெல்மோல்ட் எழுதுகிறார். மற்றவர்கள் எங்கே போனார்கள் தெரியுமா? சொந்த ஊரில் விட்டுவந்த பூர்வீகச் சொத்துப் பாகப்பிரிவினைக்காகப் போயிருந்தார்கள். புது ஊரில் வேலி கட்டியாயிற்று, பழைய ஊரில் பங்கு தீரவில்லை. எந்தக் காலத்துக் குடியானவனுக்கும் இது புரியும். எதிரிகள் சரணடைந்தால் உயிர்ப்பிச்சை தருவதாகச் சொன்னபோது சிலர் மனம் தளர்ந்தார்கள்; ஊர்ப் பாதிரியார் கெர்லாவ் அதைத் தடுத்து, வாசலில் நின்று தாமே போரிட்டார். ஸூஸல் தப்பித்தது.

இன்னொரு செய்தியும் அங்கே இருக்கிறது. ஸ்லாவியர் வெஸ்ட்பாலியர், ஹாலந்துக்காரர் முதலிய வெளியாரின் ஊர்களை அழித்தார்களே ஒழிய, ஹோல்ஸ்டைன் மக்களின் ஊர்களைத் தொடவில்லை. வந்தேறிகள்மீது வெறுப்புக் கொண்ட ஹோல்ஸ்டைன் மக்களே ஸ்லாவியரைத் தூண்டிவிட்டார்கள் என்று அப்போது ஊர் முழுவதும் பேச்சாம். எல்லை என்றால் இந்தப் பக்கம் ஓர் இனம், அந்தப் பக்கம் ஓர் இனம் என்று கோடு கிழித்துக்கொண்டு பார்ப்பவர்கள் இந்த இடத்தை இருமுறை படிக்க வேண்டும்.

ஹாலந்துக்காரர்களை ஏன் தேடிப்பிடித்து அழைத்தார்கள் என்பதற்கும் ஒரு வார்த்தை. தண்ணீர் வடிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அதே 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரேமன் பேராயர் ஃபிரெடரிக், சதுப்பு நிலத்தைத் திருத்துவதற்காக ஹாலந்துக்காரர்களுக்குக் கொடுத்த சாசனம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துப் பங்கும் நீளம் 720 அரச கோல், அகலம் 30 கோல். நீண்ட துண்டு நிலம். ஒரு தலைப்பு கரையில், இரு பக்கமும் வடிகால் என்று வெட்டினால் தண்ணீர் தேங்காது. பங்குக்கு ஆண்டுக்கு ஒரு வெள்ளிக்காசு வாடகை. தசமபாகம் என்று பெயர், ஆனால் பதினொன்றாவது கதிர்க்கட்டைக் கொடுத்தால் போதும். தங்கள் வழக்குகளைத் தாங்களே தீர்த்துக்கொள்ளும் உரிமைக்கு நூறு பங்குக்கு ஆண்டுக்கு இரண்டு மார்க் வெள்ளி. டெல்டாவில் கடைமடை வடிகாலோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இந்தச் சாசனத்தின் மதிப்பு தெரியும்: திருத்துகிறவனுக்கு இளக்கமான வரியும், அவன் பஞ்சாயத்தில் மேலிடம் தலையிடாமையும் கொடுத்திருக்கிறார்கள். அது வாக்ரியாவின் சாசனம் அல்ல, பிரேமன் பக்கத்துச் சாசனம். ஆனால் இப்படிப்பட்ட விதிகளைக் கேள்விப்பட்ட மனிதர்களைத்தான் அடோல்ஃபும் அழைக்க வேண்டியிருந்தது.


நாகப்பட்டினத்திலிருந்து எழுதியது:

லூபெக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். துறைமுக ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பகுதி எளிதில் விளங்கும்.

பழைய ஸ்லாவிய ஊர் டிராவேயும் ஷ்வார்ட்டாவும் கூடும் இடத்தில் இருந்தது. 1138-இல் அது அழிந்தது. அடோல்ஃப் அதே இடத்தில் கட்டவில்லை. சற்று மேலே, டிராவேக்கும் வாக்கெனிட்ஸுக்கும் இடையில் தீவைப்போல் நீண்டு கிடந்த மேட்டைத் தேர்ந்தெடுத்தார். இரு பக்கமும் ஆறும் சதுப்பும். தரைவழி ஒன்றே ஒன்று, அங்கே பழைய கோட்டைச் சுவர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. கப்பல் உள்ளே வரலாம், பகைவன் எளிதில் வர முடியாது. பால்டிக் கரையில் அப்போது ஜெர்மானியர் கையில் இப்படி ஒரு துறை இல்லை. நான்கே ஆண்டுகளில், 1147-இல் எரிந்த கப்பல்களில் சரக்கு நிறைந்திருந்தது என்பதிலிருந்தே வணிகம் எவ்வளவு விரைவில் சூடு பிடித்தது என்று தெரிகிறது.

அதுவே வினையாகவும் முடிந்தது. பெருமித ஹென்றியின் மகன், பின்னாளில் சிங்கம் என்று பெயர்பெற்ற சாக்சனிக் கோமகன் ஹென்றி, அடோல்ஃபை அழைத்து இரண்டு புகார்களைச் சொன்னார். தம்முடைய பார்டோவிக் சந்தையிலிருந்து வணிகர்கள் எல்லோரும் லூபெக்குக்குப் போகிறார்கள் என்பது ஒன்று. ஓல்டெஸ்லோவில் அடோல்ஃப் தொடங்கிய உப்பெடுப்பினால் தம்முடைய லூனெபர்க் உப்புத் தொழில் கெடுகிறது என்பது மற்றொன்று. ஆகவே இரண்டிலும் பாதிப் பங்கு வேண்டும் என்று கேட்டார். அடோல்ஃப் மறுத்தார். உடனே, உணவுப் பொருள் தவிர லூபெக்கில் எதுவும் விற்கவோ வாங்கவோ கூடாது என்று கோமகன் உத்தரவிட்டார். சரக்குகளைப் பார்டோவிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஓல்டெஸ்லோவின் உப்பூற்றுகளை அடைத்துவிட்டார்.

1157-இல் லூபெக் தீப்பற்றி எரிந்தது. சந்தை நடக்காத ஊரில் வீட்டை மறுபடி கட்டி என்ன பயன் என்று வணிகர்கள் கோமகனிடமே முறையிட்டார்கள். அவர் வாக்கெனிட்ஸ் ஆற்றில் வேறோர் இடத்தில் சிங்க நகரம் என்று ஒன்றைக் கட்டிப் பார்த்தார். அங்கே சிறு படகுகள்தான் போக முடிந்தது. ஆற்றின் ஆழத்துக்குக் கோமகன் உத்தரவு போட முடியாதல்லவா! கடைசியில் 1159-இல் அடோல்ஃப் லூபெக்கை விட்டுக்கொடுத்தார். அதன் பிறகு கோமகன் டென்மார்க், ஸ்வீடன், நார்வே, ரஷ்ய நாடுகளுக்கெல்லாம் தூதர்களை அனுப்பி, லூபெக்குக்கு அச்சமின்றி வரலாம் என்று அறிவித்தார். நாணயச் சாலையும் சுங்கமும் ஏற்பட்டன. பிற்காலத்தில் வடகடல் வணிகக் கூட்டமைப்பின் தலைநகர்போல விளங்கிய லூபெக் இதுதான். பார்டோவிக்குக்காகத் தொடங்கிய சண்டை என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: அதே கோமகன் 1189-இல் பார்டோவிக்கைத் தம் கையாலேயே அழித்தார்.

ஆகவே குடந்தை நண்பரின் இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது. லூபெக்கை அடோல்ஃபிடமிருந்து பறித்தவர்கள் ஸ்லாவியர் அல்லர், அவருக்கு மேலே இருந்த கோமகனே. எந்தக் குடும்பத்துக்காக 1138-இல் நாட்டை இழந்தாரோ, அந்தக் குடும்பத்தின் வாரிசு.


குடந்தை வாசகர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. உழவர் ஐயா சொன்ன கடற்கரை ஸ்லாவியரின் நிலை பிறகு என்ன ஆயிற்று? அவர்கள் நிலத்தில் விடப்பட்டதை அடோல்ஃபின் பெருந்தன்மையாகப் பேசலாமா? ஹெல்மோல்ட்டின் நூலில் ப்ரிபிஸ்லாவ் என்ற பெயர் 1138-லும் 1164-லும் வருகிறது. இருவரும் ஒருவர்தானா என்பதையும் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.


மயிலாடுதுறை வாசகி எழுதியது:

இருவர் வேறு வேறு ஆள்கள். ஸீகெபெர்க்கைச் சூறையாடி, பிறகு கடற்கரையில் அடங்கி வாழ்ந்தவன் வாக்ரிய ப்ரிபிஸ்லாவ். 1164-இல் வருபவன் நிக்லோட்டின் மகன்.

பெருந்தன்மை என்று பேசாதீர்கள். வாக்ரியப் ப்ரிபிஸ்லாவே அதற்கு விடை சொல்லிவிட்டான். 1156-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதிய ஆயர் கெரோல்ட் ஓல்டன்பர்குக்கு வந்தபோது ஹெல்மோல்ட்டும் உடன் இருந்தார். ஆகையால் இது அவர் காதால் கேட்ட பேச்சு. ஸ்லாவியர் சிலைகளை விட்டுத் திருமுழுக்குப் பெற வேண்டும் என்று ஆயர் அறிவுறுத்தினார். அதற்கு ப்ரிபிஸ்லாவ் கொடுத்த மறுமொழியின் சாரம் இது: எங்கள் எசமானர்கள் வரியாலும் அடிமை வேலையாலும் எங்களை வாட்டுவதில் வாழ்வைவிடச் சாவே மேல் என்று ஆகிவிட்டது. இந்தச் சிறு மூலையில் வாழும் நாங்கள் இந்த ஓராண்டில் கோமகனுக்கு ஆயிரம் மார்க் கொடுத்தோம், பிரபுவுக்குப் பல நூறு கொடுத்தோம், இன்னும் தீரவில்லை. நாள்தோறும் ஓடுவதற்கு ஆயத்தமாக இருப்பவர்கள் கோயில் கட்டுவது எப்படி? ஓடத்தான் எங்கே இடம் இருக்கிறது? டிராவேயைக் கடந்தாலும் இதே துன்பம், பேனே ஆற்றுக்குப் போனாலும் இதே துன்பம். கடலில் இறங்கிக் கொள்ளையடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சாக்சனியருக்குச் சொத்திலும் வரியிலும் உள்ள உரிமையை எங்களுக்கும் கொடுங்கள். மனமுவந்து கிறித்தவர்களாகிறோம், கோயில் கட்டுகிறோம், தசமபாகமும் கொடுக்கிறோம்.

ஆசிரியர் ஐயாவின் மேல் மரியாதை உண்டு; ஆனால் நிலம் காலியானபோது அடோல்ஃப் ஊரில் இல்லை என்பதை ஒரு விடுதலைச் சீட்டாகக் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. குடியேறிய ஃபிரீசியனுக்கு ஒரு விதி, உள்ளூர் ஸ்லாவியனுக்கு ஒரு விதி என்று வைத்தவர் அவர். ஸ்லாவிய மொழி அறிந்தவர் என்பதால் இந்த முறையீட்டின் பொருள் அவருக்கு விளங்காமல் இருந்திருக்க முடியாது. குடிநீங்கா என்ற சொல் கல்வெட்டில் நல்லதாகத் தோன்றலாம். நீங்காத குடி எவ்வளவு கட்டினான் என்பதைப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

சிலுவைப்போர் பற்றியும் ஒரு குறிப்பு. 1147-இல் நிக்லோட்டின் டோபின் கோட்டையை முற்றுகையிட்ட படையினர், கோமகனுடைய ஆள்களும் கரடி அல்பிரெக்ட்டுடைய ஆள்களும், தங்களுக்குள் பேசிக்கொண்டதாக ஹெல்மோல்ட் எழுதுகிறார்: நாம் அழிப்பது நம் நிலம் அல்லவா, நாம் போரிடுவது நம் மக்களோடு அல்லவா, நம்முடைய வருவாயை நாமே ஏன் கெடுத்துக்கொள்கிறோம்? முற்றுகை தளர்ந்தது, ஸ்லாவியர் பெயருக்குத் திருமுழுக்குப் பெற்றுக்கொண்டார்கள், படை கலைந்தது. அடோல்ஃப் நிக்லோட்டுடன் மீண்டும் உறவைச் சரிசெய்துகொண்டார். இது நட்பா, வருவாய்க் கணக்கா என்று கேட்டால், இரண்டும் ஒரே கைகுலுக்கலில் இருந்தன என்றுதான் சொல்வேன்.


திருவையாறு, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் எழுதியது:

அம்மா சொல்வது நியாயம்தான்; ப்ரிபிஸ்லாவின் முறையீட்டை உரையில் அவசியம் சேர்க்க வேண்டும். ஆயினும் என் கருத்தின் ஒரு பாதியை விட்டுத்தர மாட்டேன். அடோல்ஃப் வைத்ததே சட்டம் என்ற நிலை அந்த நாட்டில் ஒருபோதும் இருந்ததில்லை. மேலே கோமகன் பாதிப் பங்கு கேட்டார். பேராயர் ஹார்ட்விக் 1149-இல் விட்செலின் என்ற துறவியைக் கோமகனையும் பிரபுவையும் கேட்காமலே ஓல்டன்பர்க் ஆயராக்கினார். அதற்காக அடோல்ஃப் அந்த ஆண்டுத் தசமபாகத்தையே பறித்துக்கொண்டார். அவரிடம் அப்படி ஒரு சிறுமையும் இருந்தது. கீழே, அவருடைய சொந்த ஹோல்ஸ்டைன் மக்களே முழுத் தசமபாகம் கொடுக்க மாட்டோம் என்று ஆயர் கெரோல்ட்டிடம் அடம்பிடித்தார்கள். இந்த அடிமைத்தனத்துக்கு உட்படுவதைவிட வீடுகளுக்குத் தீவைத்துவிட்டு நாட்டை விட்டுப் போவோம் என்றார்கள். கடைசியில் பங்குக்கு இத்தனை மரக்கால் கம்பு, இத்தனை மரக்கால் ஓட்ஸ் என்று பேசி முடிக்க வேண்டியதாயிற்று. ஸ்லாவியனுக்கும் சாக்சனியனுக்கும் இருந்த வேறுபாடு இங்கே பளிச்சென்று தெரிகிறது. ஒருவன் மிரட்டினால் வரி குறைந்தது. மற்றவன் மன்றாடியும் குறையவில்லை. அம்மாவின் வாதத்துக்கு நானே வலுச் சேர்த்துவிட்டேன் போலும்.

அவருடைய முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1160-இல் சிங்க ஹென்றியின் படையெடுப்பில் நிக்லோட் வெர்லே கோட்டை அருகே கொல்லப்பட்டான். அவனுடைய மகன் ப்ரிபிஸ்லாவ் 1164 பிப்ரவரியில் மெக்லென்பர்க் கோட்டையைப் பிடித்து, அங்கே குடியேறியிருந்த ஃபிளாண்டர்ஸ்காரர்களைக் கொன்றான். கோமகன் பெரும்படை திரட்டினார். முன்னே சென்ற பிரிவில் அடோல்ஃப் இருந்தார். டெம்மின் அருகே ஃபெர்ஹன் என்னும் இடத்தில் பாளையமிறங்கினார்கள். ஜூலை 6-ஆம் தேதி விடியும் நேரத்தில் தானியம் கொண்டுவர அனுப்பப்பட்ட வேலைக்காரர்கள் மேட்டின்மேல் ஏறியபோது எதிரே ஸ்லாவியப் படை திரண்டு வருவதைக் கண்டு கூச்சலிட்டார்கள். தூக்கத்திலிருந்து எழுந்தவர்களில் அடோல்ஃபும் டிட்மார்ஷன் பிரபு ரைன்ஹோல்டும் சிறு குழுவோடு முதலில் பாய்ந்தார்கள். இருவரும் அங்கேயே மாண்டார்கள். பாளையத்துக்குள் கொள்ளையில் இறங்கிய ஸ்லாவியரை மற்றப் பிரபுக்கள் ஒன்றுகூடி முறியடித்ததனால் அன்றைய போர் கோமகனுக்கு வெற்றியாக முடிந்தது. அடோல்ஃபின் உடலைத் தொலைதூரம் கொண்டுபோக வேண்டியிருந்ததால், அக்கால வழக்கப்படி துண்டுகளாக்கி, வேகவைத்துப் பதப்படுத்தி, மின்டன் நகரத்துக்கு எடுத்துச் சென்று அடக்கம் செய்தார்கள். இதை உரையில் சொல்வதா என்பது வட்டத்தின் வயதைப் பொறுத்தது.

கேட்பவர்கள் பிறகு யார் ஆண்டார்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். அடோல்ஃபின் மகன் மூன்றாம் அடோல்ஃப் அப்போது சிறு குழந்தை. தாயார் மெக்டில்டு நாட்டைப் பார்த்துக்கொண்டார். ஷாவன்பர்க் குடும்பம் 1459 வரை ஹோல்ஸ்டைனை ஆண்டது. நிக்லோட்டின் மகன் ப்ரிபிஸ்லாவுக்கோ, சிங்க ஹென்றி 1167-இல் ஷ்வெரினைத் தவிரத் தந்தையின் நாட்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஸ்லாவியக் குடும்பம் காலப்போக்கில் ஜெர்மானியமாகி, 1918 வரை மெக்லென்பர்கின் அரியணையில் இருந்தது.